பச்சைப் பொத்தான்

பயிற்சி மையத்தில் மெய்நிகர் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால், அவளுடைய செயற்கைக் கை சொன்ன பேச்சைக் கேட்கும். நேற்று அந்தக் காட்சிக்குள் நாற்பது கோப்பைகளை எடுத்து வைத்தாள், ஒன்றுகூட விழவில்லை. அந்தத் தெம்பில்தான் இன்று காலை மகளுக்குத் தானே பின்னல் போட உட்கார்ந்தாள்.

முடியை மூன்று காலாகப் பிரித்துப் பின்னத் தொடங்கியதுமே செயற்கை விரல்கள் கவ்விக்கொண்டன. விரி என்று எத்தனை முறை நினைத்தும் விரியவில்லை.

“விடும்மா, வலிக்குது.”

“விடத்தான்டி பாக்குறேன்.”

“உன் கைக்கும் என்மேல கோபமா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்குள் இப்படிச் சிக்கினால் ஓரத்தில் ஒரு பச்சைப் பொத்தான் தெரியும். அதைப் பார்த்தாலே போதும், பிடி விட்டுவிடும். தன்னையறியாமல் சுவரின் ஓரத்தைப் பார்த்தாள். காலண்டர்தான் தொங்கியது.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

“கத்தரிக்கோல் எங்கம்மா இருக்கு?” என்றாள் மகள், தலையை அசைக்காமல்.