அவசரம் லேது

காலை மணி அடிக்கும் நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் குந்தியிருந்த ஜெகதீஸ்வரனின் பல்லிடுக்கில் ஒரு ரிப்பனும் சில ஹேர்பின்களும் இருந்தன. முதுகைக் காட்டி நின்ற சின்னமகள் அனுபமாவின் தலையில் ஒரு பின்னல் ஹைதராபாத்தின் கிழக்குக் கோடியான உப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று மேற்குக் கோடி கச்சிபௌலிக்கே போய்விடுவதென்று தீர்மானித்துக் கிளம்பியிருந்தது. இரண்டையும் ஒரே ஊருக்குக் கொண்டுவர அவன் படும் பாட்டை யூகேஜி வகுப்பு ஜன்னலிலிருந்து எலிசபெத் டீச்சர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்ததிலும் நியாயம் உண்டு. அவள் கணவர் பூபாலன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினையே கழற்றி மாட்டியவர். வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தேடச் சொன்னால் மட்டும் அவருக்குத் துணையாகத் தேடுதல் படை ஒன்று அனுப்ப வேண்டும். பெற்ற மகளுக்கு இவ்வளவு நீள முடி என்பதையே அவள் கல்யாண மேடையில்தான் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவளின் கண்ணில் இப்படி ஒரு தகப்பன் பட்டால் சும்மா இருக்க முடியுமா? ஆசிரியர் அறையில் அவன் புகழ் நாளொரு மேனியாக வளர்ந்தது. பின்னல் பழகுவதற்காக வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் மூன்று மூன்றாகக் கிழித்துப் பின்னிவிட்டானாம். (கிழிந்தது ஒரு பழைய துண்டுதான்.) பெண்டாட்டி உயிரோடு இருக்கிற ஹைதராபாத் ஆண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று அவன் காலைக் கழுவ வேண்டுமாம்.

"ஹவ், ஆமா எலிசபெத், அடுத்த தடவ அவர் தண்ணி மேல நடந்தாருன்னு சொல்லுவ பாரு," என்றாள் சாந்தா டீச்சர்.

"நடந்தா என்ன? ரெண்டு கையிலயும் டிபன் பாக்ஸோட நடக்கும் அந்தத் தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி புஷ்பா போனது முந்தைய மழைக்காலத்தில். டெங்கு. ராத்திரியோடு ராத்திரியாக உடலைத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன ஜெகதீஸ்வரன், திரும்பி வந்து, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், மெதுவாக வருவாள் என்று சொல்லி வைத்தான். உண்மையைச் சொல்லும் நாளை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது எலிசபெத்துக்குத் தெரியும். பிள்ளைகளோ இங்கே படித்த பழக்கத்தில் வாயைத் திறந்தால் தெலுங்கு. அவனுக்குத் தெலுங்கு அரைக்காது மட்டும். தமிழ் மாதிரி ஒலிக்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்து வண்டியை ஓட்டிவிடுவான்.

அன்னையர் விழாவுக்கு அழைப்பு அனுப்பிய அன்றைக்கு எலிசபெத் அனுபமாவை மடியில் இருத்தி, விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம், அத்தையையா, பக்கத்து வீட்டு ஆன்ட்டியையா என்று பட்டும் படாமலும் கேட்டாள். குழந்தை சாக்பீஸைத் தரையில் உருட்டியபடி, "அம்மா அவசரம் லேது டீச்சர். நான்னா சாலு," என்றது.

அம்மா தேவையில்லை, அப்பா போதும். எலிசபெத் குழந்தையை உச்சிமுகர்ந்தாள். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய விருதை எந்த அரசாங்கம் கொடுக்க முடியும்? சாயங்காலம் அவன் ஹெல்மெட்டோடு வந்து நின்றதும், முந்திரிக்கொட்டை மாதிரி குழந்தையை முன்னால் தள்ளி, காலையில் சொன்னதை அப்பாவிடமும் சொல்லு என்றாள். குழந்தை சொன்னது.

அவன் முகம் வாடிப்போயிற்று. அனுபமாவையும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் தாரிணியையும் சறுக்குமரத்துக்கு அனுப்பிவிட்டு, ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டே நின்றான்.

"கேட்டீங்கள்லா டீச்சர்? அம்மாவுக்கு அவசரம் இல்லைங்கா. மெதுவா வரட்டும்னு இன்னும் பிள்ள காத்துக்கிட்டு இருக்கா."

எலிசபெத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் அவசரம் என்றால் பரபரப்பு, தெலுங்கில் தேவை. சிக்கந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த அவள் நாக்குக்கு இரண்டும் பழக்கம். அவன் நாக்குக்கு ஒன்றுதான். விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். உங்கள் பிள்ளை காத்திருக்கவில்லை தம்பி, அவளுக்கு அம்மாவே வேண்டாமாம் என்று ஒரு புருஷனிடம் எப்படிச் சொல்வது?

"நீங்க சொல்லிருங்க டீச்சர்," என்றான் அவன். "அம்மா இனிமே வரமாட்டான்னு. எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்கு. நீங்க சொன்னா கேட்டுக்கிடுவாங்க."

அவனை வாசலில் நிறுத்திவிட்டு அவள் சறுக்குமரத்தடிக்குப் போனாள். ஐம்பது தப்படி தூரம் அன்றைக்குக் காசிப்பேட்டை வரை நீண்டது. அங்கே தாரிணி தங்கையைத் திருப்பி நிறுத்தி, அவிழ்ந்த பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் பறந்தன. கல்யாண வீட்டு அலங்காரக்காரி தோற்றுப்போவாள், அப்படி ஒரு பின்னல். நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது.

எலிசபெத் மணலில் உட்கார்ந்தாள். அம்மா என்று தொடங்கினாள். அதற்கு மேல் அவளுக்கும் நாக்கு எழும்பவில்லை.

தாரிணிதான் முடித்துவைத்தாள். அம்மா செத்துப்போனது அப்போதே தெரியுமாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி போனில் பேசியதைக் கேட்டாளாம். அனுவுக்கும் அவளே சொல்லிவிட்டாளாம். நான்னாவுக்குத்தான் இன்னும் தெரியாது போல, மெதுவாக வருவாள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார், நாங்களும் சரி சரி என்போம் என்றாள்.

அனுபமா டீச்சரின் காதருகே வந்தது. "நான்னகி செப்பொத்து டீச்சர். ஏடுஸ்தாடு."

அப்பாவிடம் சொல்லாதீர்கள், அழுவார்.

வாசலிலிருந்து அவன் மெல்ல வந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் தாரிணி தான் போட்ட பின்னலின் ரிப்பனை இழுத்தாள். அடியிலிருந்து மேல்வரை விரல் விட்டுக் கலைத்தாள். ஏற்கனவே வெயிலில் கலைந்த முடி மாதிரி இருக்கும்படி இன்னொரு முறை கோதிவிட்டாள்.

"சொல்லிட்டீங்களா டீச்சர்?"

எலிசபெத் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். தட்டத் தட்ட மணல் வந்துகொண்டே இருந்தது.

"அவசரம் இல்ல, தம்பி," என்றாள். எந்த மொழியில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் தலையாட்டினான். பிறகு குழந்தையின் தலையைப் பார்த்து, "எம்மா, என்ன இப்பிடி அவுந்து கிடக்கு," என்று குந்தினான். தாரிணி ரிப்பனை நீட்டினாள். அதை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை மூன்றாகப் பிரித்தான். ஒன்று எப்போதும்போல் தடிமனாக வந்தது. அனுபமா கழுத்தை அசைக்காமல் நின்றது. பின்னல் கொஞ்சம் கொஞ்சமாக உப்பல் பக்கம் திரும்பத் தொடங்கியது.