வலது முன் கதவு

பெட்டியைப் பிரித்த நேரத்திலிருந்து அவள் புருஷனின் வாய் ஓயவில்லை. பஞ்சு குறைச்சல் என்றார். ரெக்ஸின் பளபளப்பு போதாது என்றார். ஓரத்தையல் கோணல் என்றார். அது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வேண்டாத பொண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான். பெட்டியில் வந்ததைச் செய்தவன் அவளுடைய தம்பி.

வண்டி ஒரு பல் டாக்டருடையது. அவர் பிறப்பதற்கு முன்னால் ஓடிய நாலு கதவுக் கார். போன வருஷம் யாரிடமோ வாங்கி, கரும்பச்சை அடித்து, உள்வேலைக்காக இவர்கள் குஷன் கடையில் கொண்டுவந்து விட்டிருந்தார். உள்ளே எல்லாம் அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டுமாம். சீட் உறை, கூரைத் துணி, கதவுக்கு உள்பக்கம் மாட்டுகிற டோர் பேட், எல்லாவற்றையும் பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்து தருபவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான். தம்பி அதில் ஒருவன். டாக்டருடைய பழைய கார் சங்கத்தில் இன்னும் நாற்பது பேர் இதே சாமானுக்குக் காத்திருந்தார்கள். "உங்க வேலைக்காரர் நல்லா இருக்குன்னு சொல்லட்டும், நாங்களும் வாங்கறோம்" என்று சொல்லியிருந்தார்களாம். ஆக, தம்பியின் பிழைப்பு இப்போது அவள் புருஷனின் நாக்கு நுனியில் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பியும் இதே கடையில்தான் இருந்தான். கழுத்தில் எப்போதும் டேப்பு. எதையும் மூன்று தடவை அளக்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டான். தெருவே அவனை 'அளவு' என்றுதான் கூப்பிட்டது. கல்யாணம் பண்ணினால் பெண்ணையும் அளந்துதான் கட்டுவான் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவன், அவள் கடைக்குப் போகாத ஒரு நாள், யாரோ ஒருவருடைய வெள்ளைக் காரில் வலது முன் கதவுக்கான பேடைத் தப்பாக வெட்டி, ஓட்டையை இடம் மாற்றிப் போட்டுவிட்டான் என்று புருஷன் வீட்டுக்கு வந்து சொன்னார். கேட்டதற்கு மரியாதை இல்லாமல் பேசிவிட்டுப் போய்விட்டானாம்.

அவள் நம்பினாள். மூன்றாம் நாள் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றபோது கம்பிக் கதவைத் திறக்காமலே சொன்னாள்: "மாமாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு உள்ள வா."

"எதுக்குக்கா?" என்றான் அவன்.

அவள் உள்கதவைச் சாத்தினாள். அதோடு சரி. ஆறு வருஷம் ஒரு சொல் இல்லை.

இன்றைக்கு இடது முன் கதவின் பேட் கிளிப்புகளில் டக் டக்கென்று உட்கார்ந்தது. பின்கதவு இரண்டும் அப்படியே. அவள் மெஷினில் கூரைத் துணிக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் சத்தமே இல்லை. பேசாமல் ஆணிகூட அடிக்காத மனுஷர் இவ்வளவு நேரம் சும்மா இருக்கிறாரே என்று அவள் நினைத்தாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு உன் தம்பி லட்சணத்தை."

வலது முன் கதவு. கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்கான தண்டு கதவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. பேடில் அதற்கான ஓட்டை இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

"அதே கதவு, அதே ஓட்டை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு, சாமான் முழுக்கக் குப்பை, திருப்பி அனுப்புங்கள், சங்கத்துக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள் என்றார். டாக்டர் சாயங்காலம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். புருஷன் டீ குடிக்கப் போனார்.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தம்பி மேல்தான். இத்தனை வருஷம் தனியாகத் தொழில் செய்தும் அதே இடத்திலா சறுக்குவான், இவர் வாய்க்கு அவலைக் கொடுக்க வேறு நேரம் கிடைக்கவில்லையா என்று பொருமினாள். எங்கேதான் தப்பு செய்தான் என்று பார்க்க, இடது பேடைக் கழற்றி எடுத்துவந்து வெட்டு மேசையில் போட்டாள். அதன் மேல் வலது பேடை முகத்தோடு முகமாகக் கவிழ்த்தாள். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்க வேண்டியவை. ஓட்டை வழியே குத்தூசியை விட்டாள். தடையில்லாமல் இரண்டையும் கடந்து மேசையில் குத்தி நின்றது.

பேடில் ஒரு தப்பும் இல்லை.

அப்படியானால் கதவுதான் தப்பு. போய்ப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே வராமல் தகட்டின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள் நாலு கதவிலும் இருந்தது. மூன்றில் டேப்பு பழசாகிக் காய்ந்து அப்பளமாய்ப் பொரிந்திருந்தது. இந்தக் கதவில் மட்டும் டேப்பு புதுசு. கடையில் இருக்கும் அதே கறுப்பு டேப்பு. தொட்டுப் பார்த்தால் இன்னும் பிசுபிசுத்தது.

உரித்தாள். பெயிண்டர் பிளாஸ்டிக்கைக் கழற்றாமலே அடித்திருந்ததால் உள்ளே பழைய நிறம் அப்படியே இருந்தது. வெள்ளை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையிலிருந்து போன அந்த வெள்ளைக் கார்தான் இது. கண்ணாடியைத் தூக்கும் இரும்புச் சட்டம் பிசிறடித்த நாலு புது ஓட்டைகளில் போல்ட் போட்டு நின்றது. இரண்டு விரற்கடை தள்ளி, வழுவழுப்பான நாலு பழைய ஓட்டைகள் காலியாக இருந்தன. அவற்றைச் சுற்றி மார்க்கரில் வட்டம் போட்டு, பொடி எழுத்தில் எழுதியிருந்தது. தம்பியின் எழுத்து.

'இதுதான் கம்பெனி ஓட்டை. பேட் வேற வெட்டிக்கலாம். கதவுல ஓட்ட போடாதீங்க மாமா.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பேடைத் தப்பாக வெட்டியவர் யார், அதற்குத் தகுந்த மாதிரி கதவையே துளைத்தவர் யார், வேண்டாம் என்று சொன்னவன் யார், எல்லாம் அந்தத் தகட்டில் இருந்தது.

புருஷன் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். உரித்த டேப்பைப் பார்த்ததும் குச்சியை எடுத்துவிட்டார்.

"யார் வெட்டினது அந்தப் பேடை?"

"பழசை எதுக்கு இப்போ கிளறிக்கிட்டு?"

"யார் வெட்டினது?"

"அந்த வாரமே வண்டியைக் குடுக்கணும். அந்தக் கலர்ல வேற ரெக்ஸின் இல்ல. உள்ள யார் பாக்கப்போறாங்கன்னு சட்டத்தை நகர்த்தினேன். அவன் என்னடான்னா ஆளுங்க முன்னாடி எனக்குப் பாடம் எடுக்கிறான். அந்தக் கடுப்புல ஏதோ ஒரு பேச்சுக்கு உன்கிட்ட அப்படிச் சொல்லிட்டேன்."

"பேச்சுக்கு." அவள் பிசுபிசுத்த டேப்பை அவர் சட்டையில் ஒட்டினாள். "இன்னைக்குக் காலையில இதை ஒட்டினீங்களே, அதுவும் பேச்சுக்கா? படிச்சுப் பாத்துட்டுத்தானே மூடினீங்க? மூடிட்டுத்தானே டாக்டருக்குப் போன் போட்டீங்க?"

"மெதுவா பேசு. பக்கத்துக் கடையில கேக்கும்."

"கேக்கட்டும். ஆறு வருஷமா நான் மெதுவாத்தான் பேசினேன்."

அவர் மேற்கொண்டு என்னவோ சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. ஸ்பேனரை எடுத்தாள். தையல்காரிதான், ஆனால் இருபது வருஷம் இவருக்கு விளக்குப் பிடித்தவளுக்கு நாலு போல்ட் பெரிய வித்தையா? சட்டத்தைக் கழற்றிப் பழைய ஓட்டைகளில் வைத்து முடுக்கினாள். பிளாஸ்டிக்கை ஒட்டி, பேடை வைத்து உள்ளங்கையால் தட்டினாள். கிளிப்புகள் உட்கார்ந்தன. தண்டு ஓட்டையின் நட்டநடுவில் வந்து நின்றது.

டாக்டர் வந்தபோது புருஷன் முந்திக்கொண்டார். "அவங்க செஞ்சது தப்புதான் சார், நாங்க எப்படியோ அட்ஜஸ்ட் பண்ணி..."

"சாமான்ல ஒரு குறையும் இல்ல சார்," என்றாள் அவள். "கதவுதான் தப்பா இருந்துச்சு. அதைக் கெடுத்தது இந்தக் கடை. சங்கத்துல அப்படியே சொல்லுங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி சத்தமில்லாமல் அடிவரை இறங்கியது. "வாங்கின நாள்லேர்ந்து இது பாதியிலேயே சிக்கிக்கும்," என்றார். புருஷன் அட்டைப்பெட்டிகளை அடுக்கப் போனார். அடுக்க ஒன்றும் இல்லை.

டாக்டர் போனதும், பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தாள். எதிர்முனையில் மெஷின் ஓடும் சத்தம்.

"டேய், அந்த வெள்ளை வண்டிதான் இது. வலது முன் கதவு... ஓட்டை சரியாத்தான் இருக்குடா."

மெஷின் நின்றது.

"நான் எழுதினது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அந்த வாரம் பூரா வண்டி அங்கதானே நின்னுச்சு," என்றான். குரலில் கோபம் அப்படியே இருந்தது, ஒரு நாள்கூடப் பழசாகாமல். "உன் மெஷின்லேர்ந்து பத்தடி. நீயும் அங்கதானே உக்காந்திருந்தே."

புருஷனைப் பற்றி அவனிடம் கொட்டித் தீர்க்க ஒரு வண்டி வசவு வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. அவர் மேல் கோபம் தணிந்துவிடவில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் தன் மேல் வந்து விழுந்திருந்தது.

"நாளைக்குக் காலையில உன் வாசல்ல வந்து மன்னிப்பு கேக்கறேன்," என்றாள்.

"எதுக்குக்கா?"

அன்றைக்குக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு அவள் கதவைச் சாத்தியிருந்தாள்.

"பத்தடிதான்னு தெரிஞ்சும், எழுந்து வந்து பாக்காததுக்குடா."