அதிபர் போட்ட பதில்

பாலம் கட்டும் இடத்தில் சாரம் சரிந்து தம்பி இறந்த அன்று மாலையே அதிபர் கைப்பேசித் திரையில் தோன்றி இரங்கல் சொன்னார். அம்மா சொல்லச் சொல்ல, அந்தக் காணொளியின் கீழே மூத்தவள் தட்டினாள்: “ஐயா, என் மகன் அந்தச் சாரத்தில் நின்றவன். ஒரு தடவை வந்து அவன் முகத்தைப் பாருங்கள்.”

ஆயிரம் பேர் எழுதும் இடம். யார் படிக்கப்போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். மறுநாள் காலையில் அதிபர் பக்கத்திலிருந்தே பதில் வந்திருந்தது. “அம்மா, உங்கள் இழப்பு என் வீட்டு இழப்பு. மனம் தளராதீர்கள். வருகிறேன்.”

அதோடு அம்மா அடக்கத்தை நிறுத்திவிட்டாள்.

“அந்த ‘வருகிறேன்’ சும்மா விடைபெறுறதுக்கு எழுதுறதும்மா,” என்றாள் மூத்தவள்.

“சாவு வீட்டுல எவளாவது வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புவாளா? சொல்லாமத்தானே போவாங்க. அவ்வளவு பெரிய மனுஷனுக்கு அது தெரியாதா? வரேன்னா வரேன்தான்.”

கூடத்தில் தம்பி கிடந்த குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இரைச்சல் கொஞ்சம் மாறினாலும் மூத்தவள் எழுந்துபோய் அதன் மின்கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். தெருவில் யாரோ தண்ணீர் தெளித்துக் குப்பையை ஒதுக்கினார்கள். சித்தப்பா மட்டும் வாசலில் நின்று பொருமினார்.

“அதிபர் வராருன்னு நாற்காலி கேக்குறானுங்க. இந்தச் சந்துல அவர் கார் கதவைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர்ல இடிக்கும். கரன்ட் போனா என்னடி பண்ணுவ?”

“அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க சித்தப்பா.”

“நானா? சின்ன வயசுல அண்ணிகிட்ட வாங்கின அடி இன்னும் வலிக்குது.”

மூத்தவள் மறுபடியும் எழுதிக் கேட்டாள். கூப்பிய கைகள் இரண்டு வந்தன. மறுபடி கேட்டாள். ஓர் இதயம் வந்தது. கடைசியில் அந்தப் பக்கத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“அந்தப் பதில் நான் போட்டது,” என்றாள் அந்தப் பெண். “எல்லாருக்கும் கடைசியில அப்படித்தான் முடிப்பேன். மொட்டையா விட்டா மரியாதை இல்லாத மாதிரி இருக்குமேன்னு. நீங்க வரச் சொன்ன வரியைச் சரியாப் படிக்கலை. இப்பவே எடுத்துடறேன்.”

“எடுத்துடாதீங்க. எடுத்தா, எவனோ அவரைத் தடுத்துட்டான்னு அம்மா சொல்லுவா. நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.”

வேலை போய்விடும் என்று அந்தப் பெண் முனகினாள். முகவரியைக் கேட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறியபின் வந்தாள். அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கைக்குள் பொத்தியிருந்தாள். அம்மா கத்துவாள், கூட்டம் கூடும், யாராவது படம் எடுப்பார்கள் என்று மூத்தவள் பயந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கேட்டு முடித்தாள்.

“அப்ப, அவருக்கு என் பிள்ளை செத்தது தெரியாதா?”

“எத்தனை பேருன்னு தெரியும்மா.”

அம்மா அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எழுதினது நீதானே? நீயே பாரு,” என்று அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பெட்டியருகே இழுத்துப்போனாள். “இடது புருவத்துல வெட்டு இருக்கு பாரு. அது சாரத்துல பட்டதில்ல. நடக்கப் பழகுறப்போ வாசப்படியில விழுந்தது.”

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். நிமிர நேரமாயிற்று.

“சித்தப்பாவைக் கூப்பிடு,” என்றாள் அம்மா மூத்தவளிடம். “தூக்கட்டும்.”

சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கியது மூத்தவள்தான். இரைச்சல் நின்றபிறகுதான் அம்மா அழ ஆரம்பித்தாள்.