இரண்டே இருக்கை உள்ள கதை

1

அத்தானின் காரைப் பார்த்ததுமே இந்தக் கதை மனதில் உதித்தது என்று சொன்னால் இலக்கியமாக இருக்கும். உண்மையில், அக்கா வீட்டில் சில நாள் தங்க வந்தவளுக்கு வேறு வேலை இல்லை. அத்தான் கொட்டகையில் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘தூசிக்கு அடியில் ஒரு சிவப்பு மிருகம் உறங்கிக்கொண்…’

[அடித்துவிட்டேன். மிருகமாவது ஒன்றாவது. கூரை மடங்குகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார்.]

இரண்டாவது: ‘கல்யாணமான புதிதில் வாங்கிய காரில் இரண்டே இருக்கை. மகள் பிறந்தாள், மூன்று பேர் ஆனார்கள், கார் கொட்டகைக்குப் போனது. இப்போது மகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டாள்.’

[இது இருக்கட்டும். உண்மையும் இதுதான்.]

2

கதை என்றால் ஒரு கெடு வேண்டும். அதை அக்காவே வைத்துவிட்டாள். அவள் தையல்காரி. தையல் மெஷின்கள் படுக்கையறையில் நிற்கின்றன, தலையணையிலெல்லாம் நூல். அவளுக்குக் கொட்டகை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கார் தானாக ஓடித் தெருமுனைவரை போய்த் திரும்பினால் முன்வாசலில் நிற்கலாம். இல்லையென்றால் மறுநாள் பழைய இரும்புக்காரர் லாரியோடு வருவார். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது அத்தானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அத்தான் பல் டாக்டர். கதைக்காக அவரை மெக்கானிக் ஆக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் கார்புரேட்டரின் பொடித் துளைகளைப் பல் குத்தும் ஊசியால் அவர் சுரண்டுகிற அழகைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. டேங்கில் பிசினாகிப்போயிருந்த பெட்ரோலைக் கழுவி எடுத்தார். பேட்டரி, டயர், பிளக் எல்லாம் புதிது. “கொஞ்சம் வாயைத் திற” என்று காரிடம் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை; நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

3

சனிக்கிழமை மத்தியானம் இன்ஜின் பிடித்தது. நாலு தடவை இருமிவிட்டு நின்றது. மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. அத்தான் முன்பக்கம் தலையை நுழைத்து எல்லாவற்றையும் திரும்பவும் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நான் உட்கார்ந்திருந்தது காரின் பின்பக்கம். “அத்தான், கொஞ்சமாவது புகை வரணுமில்ல? வரவே இல்லையே” என்றேன்.

அப்படியே நிமிர்ந்தார். காரை நிறுத்திய காலத்தில், எலி நுழையாமல் இருக்கப் புகைக்குழாய்க்குள் ஒரு துணியைத் திணித்தவர் அவரேதான். அதை அடியோடு மறந்திருக்கிறார். ஆயுள் முழுக்க வாயையே பார்த்துப் பழகியவருக்கு வால்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. இடுக்கியை விட்டு உருவினார். கரி படிந்த பச்சைச் சால்வை. ஓரத்தில் மஞ்சள் பூக்கள், சங்கிலித் தையல். அக்கா கல்யாணத்துக்கு முன்பு தனக்கென்று போட்ட தையல்.

இங்கே வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சால்வை காணாமல் போனது, அக்கா மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைப் பார்த்துக்கொள்ள நான் வந்து தங்கியிருந்த வாரத்தில்தான். அன்றிலிருந்து நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அக்காவின் கண் ஒருமுறை என் பைமேல் போய் வரும். வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை.

4

அத்தான் சால்வையை இருக்கைக்கு அடியில் செருகினார். “கதையில மட்டும் அதைச் சாக்குத் துணின்னு போட்டுடு. இது தெரிஞ்சா, ஓடுற வண்டியையே லாரியில ஏத்திடுவா.”

உண்மையை எழுதினால் என் பெயர் சுத்தமாகும், அவர் கார் போகும். அத்தானைப் பார்த்தேன். மூக்கெல்லாம் கரி. சரி என்றேன்.

5

‘டாக்டர் குழாயிலிருந்து ஒரு சாக்குத் துணியை உருவி இருக்கைக்கு அடியில் செருகினார். அதன் ஓரத்து மஞ்சள் பூக்கள், சங்கிலித் தையல், கரியிலும் தெரிந்தன.’*

*துணியை மாற்றியவள் பூவை எடுக்க மறந்துவிட்டேன். மறந்ததுதான். நீங்களாவது நம்புங்கள்.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்கா. அன்று மாலையும் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள். அந்த வரியில் விரல் நின்றது.

“சாக்குல யாருடி சங்கிலித் தையல் போடுவா?”

“கதைதானேக்கா.”

“உன் பையை நான் இத்தனை வருஷமா…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, கை கழுவிக்கொண்டு சாப்பிட வரச் சொன்னாள். அக்காவின் மன்னிப்பு தட்டில்தான் வரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்ஜின் சீராக உறுமியது. அக்கா வந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். சால்வையை எடுத்து ஓர் உதறு உதறிக் கரியோடு தோளில் போட்டுக்கொண்டாள். அத்தானின் கால் கிளட்சிலிருந்து நழுவியது. கார் குலுங்கி நின்றது.

“என்ன பாக்கறீங்க? வண்டிய எடுங்க.”

எடுத்தார். தெருமுனைவரை போனது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அப்படியே போய்விட்டது. அக்காவின் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். திட்டினாளா, சிரித்தாளா தெரியாது. இரண்டே இருக்கை உள்ள காரில் கதாசிரியைக்கு இடமில்லை.

அதனால் முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவரை அவள் மன்னிக்கட்டும், வழியில் இறக்கிவிடட்டும், உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: சால்வையை நான் எடுக்கவில்லை.