இரண்டு பூட்டு

முதல் அடி அவர் வாயில் விழுந்தது. அடித்தவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி.

உச்சி வெயிலில் எல்லை மதகின் மேடையில் நாற்பது பேர், கையில் கம்பும் கடப்பாரையுமாக. எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள். இந்த இரண்டு வாரமும் தண்ணீர் அக்கரை நாட்டின் முறை. எங்கள் குழாய்களிலோ பதினோரு நாளாக வெறும் காற்று. மச்சினன் வீட்டில் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, கழுவிவிடக்கூடத் தண்ணீர் இல்லை. அவன் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மதகுச் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறார்கள், நாட்டுக்கு ஒன்று. இரண்டையும் திறந்தால்தான் சக்கரம் சுழலும். சங்கிலியை உடைக்கப் பார்த்தார்கள், கடப்பாரைதான் வளைந்தது. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தச் சங்கிலிதான்.

அடி வாங்கியவர் அக்கரை மதகுக் காவலர், நான் இக்கரை. ஒன்பது வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே அளவுகோலைப் பார்க்கிறோம். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். போன கோடையில் அவர்தான் யோசனை சொன்னார். சொந்தக்காரன் வந்து கெஞ்சினால் முடியாது என்று சொல்ல நமக்கு வராது, அதனால் உன் சாவி என்னிடம் இருக்கட்டும், என் சாவி உன்னிடம் இருக்கட்டும் என்றார். அப்படியே மாற்றிக்கொண்டோம். என்ன ஒரு புத்திசாலித்தனம் என்று சிரித்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள் அவர் சாவியைக் கேட்டு வருவார்கள் என்பது மட்டும் இரண்டு மரமண்டைக்கும் எட்டவில்லை.

அவர் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் அடி நின்றிருக்கும். ஆனால் எதிரி சாவியை வைத்திருந்தவன் என்று அடுத்த அடி எனக்கு விழும். நான் பயந்தேன். வேறு காரணமே இல்லை.

அவர் வலது கையைப் பிடித்து மேடைச் சுவரில் வைத்து அழுத்தினார்கள். கடப்பாரை இறங்கியது. இரண்டு விரல் போயிற்று. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு மச்சினன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாவிய தண்ணில போட்டுட்டேன்" என்றார். சொல்லும்போதே ஒரு பல் ரத்தத்தோடு வெளியே வந்தது.

பொய் சொல்றான் என்று இன்னொருவன் அவர் வயிற்றில் உதைத்தான். அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள், கயிற்றில் ஒரு சாவி. மச்சினன் அதை அறுத்துக்கொண்டு ஓடி அக்கரைப் பூட்டில் போட்டுத் திருகினான். திரும்பவில்லை. ஆத்திரத்தில் திரும்பி வந்து அவர் முகத்தில் மிதித்தான். நான் மேடை ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், கல்லு மாதிரி.

கூட்டத்தில் யாரோ ஒருவன் அந்தச் சாவியைப் பிடுங்கிச் சும்மா பக்கத்துப் பூட்டில் போட்டுப் பார்த்தான். எங்கள் பூட்டு. சட்டென்று திறந்து சங்கிலியில் தொங்கியது.

மச்சினன் அந்தப் பூட்டைப் பார்த்தான், தரையில் கிடந்தவரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். கிட்டே வந்தான். அவன் கடப்பாரையில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"மாமா, உங்க சாவி எங்க?"

கீழே கிடந்தவர் உடைந்த கையால் என் காலைத் தொட்டார், எடுக்காதே என்பதுபோல. என் கை அதற்குள் சட்டைப்பைக்குள் போய்விட்டிருந்தது.