ஆறாவது ஆள்

"நீ உங்க அம்மா பக்கமே நில்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று புருஷன் மதுசூதனன் சொன்னபோது பிரியந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பிரதேச சபைக்குச் சொந்தமான காணியில்தான் அவள் அம்மா அன்னம்மாவின் ரொட்டிக் கடை இருந்தது. அந்த இடத்தை மதுசூதனனின் மரக்கறி வியாபாரத்துக்குக் கொடுக்கும் பிரேரணை இன்று சபைக்கு வருகிறது. பெண்களுக்கான ஒதுக்கீட்டில் பிரியந்தி உறுப்பினராகி மூன்று மாதம்தான். புருஷனுக்கு எதிராகக் கை தூக்குவதை நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வேனில் அவனே கூட்டிவந்தான். குனிந்து அவள் சேலை மடிப்பைச் சரிசெய்தான்.

"கூட்டத்துல சிலபேர் வெளிய கூப்பிடுவாங்க. எழும்பிடாத. பயந்துட்டாள்னு சிரிப்பாங்க."

இறம்பொடைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. பதினெட்டு உறுப்பினர்களில் எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். சபைத் தலைவரான தவிசாளரோடு சேர்த்து ஐந்து பேர் மதுசூதனனுக்கு வேண்டியவர்கள்.

பிரேரணையை வாசித்ததும் புடவைக்கடை ரிஸ்வி எழுந்தார். இன்னொரு உறுப்பினர் அழகுமுத்துவும் எழுந்தார்.

"வாங்க தங்கச்சி, போயிருவோம்" என்றார் ரிஸ்வி.

"ரிஸ்வி நானா, நானும் போனா வேணாம்னு சொல்ல யாரு இருக்கா?" என்றாள் பிரியந்தி.

"சொல்லவே தேவையில்ல. நீங்க எழும்பினாலே..."

"போறவர் போங்க ரிஸ்வி" என்றார் தவிசாளர். "பொம்பளைய ஏன் இழுக்கிறீங்க? கடையில சேலை வாங்க ஆள் இல்லையா?"

சிரிப்பு எழுந்தது. பிரியந்தி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் வெளியேறியதும் தவிசாளர் விரல் நீட்டி எண்ணினார். "அஞ்சு. பிரியந்தியோட ஆறு. கூட்டநடப்பெண் இருக்கு. எழுதிக்குங்க."

ஆதரவாக ஐந்து கைகள். எதிராக அவள் கை மட்டும்.

படியடியில் ரிஸ்வி நின்றிருந்தார். "ஆறு பேர் இல்லாட்டி கூட்டமே செல்லாது தங்கச்சி. அந்த எண்ணிக்கையைத்தான் கூட்டநடப்பெண்ணுன்னு சொல்றது. அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். எல்லாரும் வந்திருந்தா இது தோத்திருக்கும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சபையிலிருந்து வரும் கடிதங்களை எல்லாம் மதுசூதனன்தான் வாசித்துச் சொல்லுவான். அவள் வேனை நோக்கி நடந்தாள்.

வேனில் ஏறியதும் கேட்டாள். "ஆறு பேர் வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம வியாபாரம் பண்ண முடியுமா?" அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினான். "நீ மனசுப்படிதானே செஞ்ச? நான் தடுத்தேனா?"

அவன் ஃபோன் அடித்தது. அன்னம்மா. அவளுக்கும் கேட்கும்படி வைத்தான்.

"மாப்பிள்ளை அப்பவே சொல்லிட்டாரு, ராசாத்தி. எனக்காக ஒத்தையா நின்னியாமே! கடை போனா போகட்டும்மா, எனக்கு அது போதும். ரெண்டு பேரும் வாங்க, ரொட்டி சுட்டு வைக்கிறேன்."

பிரியந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதோ வர்றோம் அத்தை" என்றான் மதுசூதனன்.