ஒரு வருஷ நன்னடத்தை

சுருளிவேலுக்கு ஜெயில் இல்லை என்று மாஜிஸ்திரேட் சொன்ன அன்று, பெருமாயி திண்டுக்கல் கோர்ட்டு வாசலிலேயே விழுந்து கும்பிட்டாள். கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் வெள்ளைக்கண்ணுவின் கையை மண்வெட்டிக் காம்பால் அடித்து ஒடித்தவன் அவள் புருஷன். ஆறு மாசமாவது உள்ளே போட்டிருக்கலாம். முதல் குற்றம், குடும்பஸ்தன் என்று பார்த்து, ஒரு வருஷம் நன்னடத்தையோடு இருப்பதாகப் பாண்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். தவறினால் கூப்பிட்டுத் தண்டனை கொடுப்பார்கள். ஜாமீன் நின்றவன் பெருமாயியின் அண்ணன் ராமர்.

நன்னடத்தை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை. வக்கீல் குமாஸ்தா போகிற போக்கில், "இனி எவன் மேலயும் கை படக்கூடாது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்சிக்காரனைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ஒரு வரியைப் பெருமாயி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதன்பிறகு புருஷனை அவள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவன் கிணற்றுக்குப் போனால் பின்னாலேயே போவாள். சந்தைக்கு அவனை விடுவதில்லை. மாட்டை அதட்டினால்கூட, "பாண்டு இருக்குல்ல" என்பாள்.

ராமர் சிரிப்பான். "ஏத்தா, மாட்டத் திட்டுனா மாஜிஸ்திரேட்டு கோவிச்சுக்குவாராக்கும்?"

வெள்ளைக்கண்ணுவுக்கும் இதெல்லாம் தெரியும். ஒடிந்த கை கூடியதும் எதிரில் பார்த்தபோதெல்லாம் சீண்டினான். சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். கடைசியில் அந்தப் பாவி, ராமர் பக்கம் திரும்பினான்.

ராமர் களத்தில் வெங்காய வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக்கண்ணு தம்பிமாரோடு வந்து மறித்தான். "ஜாமீன் குடுத்த பெரிய மனுசனாடா நீ?" வாய்ச்சண்டை கைகலப்பானது. வண்டிக் கம்பை உருவி அடித்தார்கள். சுருளிவேல் பத்தடி தூரத்தில்தான் நின்றான். பாயப் போனவனின் மணிக்கட்டைப் பெருமாயி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீக! உங்கள உள்ள தள்ளத்தேன் இம்புட்டும் பண்றான்!"

"விடு புள்ள, மச்சான அடிக்கிறானுக!"

"பாண்டு இருக்கு. எம்மேல சத்தியம், போகக்கூடாது!"

அவன் உதறியிருக்கலாம். உதறவில்லை. அவளுடைய அண்ணன், அவளே சொல்கிறாளே என்று நின்றானோ என்னவோ. அடுத்த அடி ராமரின் பின்மண்டையில் விழுந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியில், அவனுடைய வெங்காய வண்டியிலேயே, உயிர் போய்விட்டது.

கொலை வழக்கின் முதல் விசாரணை அதே கோர்ட்டில், அதே மாஜிஸ்திரேட் முன்னால் நடந்தது. சுருளிவேல் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னான். எதிர்க்கட்சி வக்கீல் எகிறினார்.

"பத்தடி தூரத்தில் மச்சானை அடிக்கிறார்கள், நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாயா? நீ அங்கே இருந்ததே பொய்!"

"பாண்டு இருந்துச்சுங்கய்யா. கை ஓங்குனா ஜெயிலுன்னு நின்னுட்டேன்."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தினார். ஆளை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"நன்னடத்தை என்றால் தப்பு செய்யாதே என்றுதானப்பா அர்த்தம். ஒரு உயிரைக் காப்பாற்றக் குறுக்கே விழுவதைச் சட்டம் தப்பென்று சொல்லவில்லை. நீ தடுத்திருந்தால் நான் உன்னை ஜெயிலுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். யார் உனக்கு அப்படிச் சொன்னது?"

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெருமாயி எழுந்து நின்றுவிட்டாள். சுருளிவேல் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலைங்க. எனக்காத் தோணுச்சு."

அவன் அவளைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். பஸ் ஸ்டாண்டு வரை அவள் அவனுக்குப் பின்னால் நடந்து வந்தாள். கூட்டத்தில் முண்டி முதலில் ஏறியவன் படியில் நின்று அவளுக்குக் கையை நீட்டினான்.

"பிடிச்சு ஏறு புள்ள."

களத்தில் அவள் இறுக்கிப் பிடித்திருந்த அதே கை. பெருமாயிக்கு அதைத் தொட மனம் துணியவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே" என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.